அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர்

உடலில் தோன்றும் நோய்களுள் உயிரைக் கவர்வன சில. உயிருக்கு ஊறு செய்யாமல் உள்ளத்தை மட்டும் வருத்துவன பல. தலையிலும் முகத்திலும் முதுகிலும் தோலின்கீழ் நெல்லிக்காய்போலத் திரண்டு நிற்கும் கட்டி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது பெரும்பாலும் நோவதில்லை, விரைந்து வளர்வதுமில்லை. ஆயினும், ஒரு பேரரசின் மன்னர் தலையில் அத்தகைய கட்டி ஒன்று தோன்றியபோது, அந்நாட்டின் தலைசிறந்த அறுவை மருத்துவர் எனப் போற்றப்பெற்ற ஒருவர் அதனை அறுப்பதற்கு அஞ்சினார். உடலின் பெருங்குருதிக்குழாயையே துணிந்து கட்டிய கைகள் சிறு கட்டியின்முன் தயங்கி நின்றன. அத்தயக்கம் கோழைமையால் விளைந்ததன்று, அறிவால் விளைந்தது. அங்ஙனம் அஞ்சத் தக்கதற்கு அஞ்சிப் புகழ்பெற்ற அப்பெரியாரே சர் ஆஸ்ட்லி கூப்பர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்ட்லி கூப்பர் 1768 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 23 ஆம் நாள் இங்கிலாந்தின் நார்போக்குப் பகுதியில் உள்ள புரூக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சாமுவேல் கூப்பர் கிறித்தவ சமய குரு. அன்னையார் புதினங்கள் எழுதியவர். பாட்டனார் நாரிச்சு நகரில் அறுவை மருத்துவராக விளங்கினார். சிறிய தந்தையார் வில்லியம் கூப்பர் இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். ஆகவே மருத்துவத் தொழில் அக்குடும்பத்திற்குப் புதிதன்று.

எனினும், இளம்பருவத்தில் ஆஸ்ட்லி கல்வியில் நாட்டம் கொண்டவராக இல்லை. குறும்பு செய்வதிலேயே அவர் காலம் கழிந்தது. குடும்பம் யார்மத்து நகருக்குக் குடிபெயர்ந்தபின், ஒருநாள் அவர் தலையணைகளை எடுத்துக்கொண்டு திருக்கோயிலின் கோபுரத்தின்மேல் ஏறி, அவற்றைக் கிழித்து உள்ளிருந்த இறகுகளைக் காற்றில் பறக்கவிட்டார் என்றும், ஊரார் அவ்விறகு மழையின் காரணம் அறியாது திகைத்தனர் என்றும் கூறுவர்.

அத்தகைய சிறுவரின் உள்ளத்தை ஒரு விபத்துத் திருப்பியது என்பர். அவருக்குப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாயின் மகன் வண்டியின்கீழ் அகப்பட்டுக் காலில் குருதிக்குழாய் அறுபட்டான். குருதிப் பெருக்கை அடக்க வல்லவர் அருகில் இல்லாதபோது ஓர் உயிர் படும் பாட்டைச் சிறுவர் ஆஸ்ட்லி உணர்ந்தார். பிற்காலத்தில் குருதிக்குழாய்களைக் கட்டும் கலையில் அவர் நிகரற்று விளங்கியதற்கு அன்றே வித்து ஊன்றப்பட்டது போலும்.

கல்வியும் உழைப்பும்

1784 ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதில், ஆஸ்ட்லி இலண்டன் சென்று சிறிய தந்தையாரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னர், செயிண்டு தாமஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற ஆசிரியராகிய ஹென்றி கிளைன் என்பவரை அடுத்துப் பயின்றார். கிளைனின் இல்லத்திலேயே தங்கி வாழ்ந்தமையால் ஆசிரியரின் கைத்திறனையும் நற்பண்பையும் அருகிருந்து கற்கும் பேறு அவருக்கு வாய்த்தது. அக்காலத்து அறுவை மருத்துவ அறிஞருள் முதல்வராகிய ஜான் ஹன்டரின் விரிவுரைகளையும் அவர் தவறாது கேட்டார். உடலின் அமைப்பை நூலில் மட்டும் கற்றல் போதாது. கையால் ஆராய்ந்து கண்ணால் தெளிதல் வேண்டும் என்பதே ஹன்டரின் நெறி. அந்நெறி ஆஸ்ட்லியின் வாழ்நாள் நெறியாயிற்று. குறும்புச் சிறுவர் கடும் உழைப்பாளர் ஆனார். வைகறையில் எழுந்து காலை உணவுக்குமுன் உடற்கூறு ஆராய்வதை அவர் முதுமைவரையில் கைவிடவில்லை.

1789 ஆம் ஆண்டு உடற்கூற்றியலைச் செய்து காட்டும் ஆசிரியராகவும், 1791 ஆம் ஆண்டு கிளைனோடு இணைந்து விரிவுரை ஆற்றும் ஆசிரியராகவும் அவர் அமர்ந்தார். தொழிலில் வருவாய் எளிதில் வந்துவிடவில்லை. முதலாண்டில் அவர் ஈட்டிய தொகை ஐந்து கினிப் பொன்னே. அதே மருத்துவர் 1815 ஆம் ஆண்டில் 21,000 பவுனுக்கு மேல் வருவாய் பெற்றார் எனின், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் உழைத்த உழைப்பை நாம் ஒருவாறு உணரலாம்.

இளமையில் ஆஸ்ட்லி குடியரசுக் கொள்கையில் பற்றுடையவராக இருந்தார். 1792 ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கிடையே, அவர் மனைவியாரோடு பாரிசு நகரில் தங்கியிருந்தார். அங்குக் கண்ட குருதிப்பெருக்கு அவர் உள்ளத்தை வாட்டியது. பின்னர் அவர் அரசியலைவிட்டு முற்றும் விலகினார். 1800 ஆம் ஆண்டு, சிறிய தந்தையார் வகித்த பதவியை ஏற்றுக் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவரானார்.

அருஞ்செயல்கள்

செவிப்பறையைப் பற்றிக் கூப்பர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காக அரச கழகத்தார் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கினர். குடலிறக்க நோயைப் பற்றி 1804 முதல் 1807 வரையில் அவர் வெளியிட்ட பெருநூல் அறுவை மருத்துவர்க்கு வழிகாட்டியாயிற்று. உடலின் சில தசைநார்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

குருதிக்குழாய் ஒருபுறம் பலூன்போலப் புடைத்து வெடிக்கும் நிலையை அடைவது ஒரு கொடிய நோய். கழுத்தில் ஓடும் குருதிக்குழாயில் அந்நோய் கண்ட ஒருவருக்கு 1805 ஆம் ஆண்டு கூப்பர் அக்குழாயைக் கட்டினார், நோயாளி பிழைக்கவில்லை. தோல்வியால் அவர் சோர்ந்துவிடவில்லை. தோல்வியின் காரணத்தை ஆராய்ந்தார். 1808 ஆம் ஆண்டு மீண்டும் ஒருவருக்கு அதனைச் செய்து வெற்றி கண்டார். அந்நோயாளி பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1817 ஆம் ஆண்டு சுமை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு வயிற்றினுள் ஓடும் பெருங்குருதிக்குழாயையே கட்டினார். அதற்குமுன் எவரும் துணியாத செயல் அது. நோயாளி இரண்டு நாளும் உயிர் தாங்கவில்லை. எனினும், பிற்கால மருத்துவர்க்கு அச்செயல் ஒரு புதுவழியைத் திறந்து காட்டிற்று.

கூப்பரின் விரிவுரைகளைக் கேட்க மாணவர் திரள் திரளாகக் கூடினர். பிற்காலத்தில் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற ஜான் கீட்சும் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்ற காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவரே.

இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத குறை ஒன்றும் உண்டு. உடற்கூறு கற்பிக்க வேண்டிய உடல்களைப் பெற அக்காலச் சட்டம் போதிய வழி வகுக்கவில்லை. ஆகவே, கல்லறைகளிலிருந்து உடல்களைத் திருடி விற்கும் இழிதொழில் பெருகிற்று. கூப்பரும் அத்திருடரிடமிருந்து உடல்களை விலைக்கு வாங்கினார். 1828 ஆம் ஆண்டு பாராளுமன்றக் குழுவின்முன் அவர் இந்நிலையை மறையாது எடுத்துரைத்தார். 1832 ஆம் ஆண்டில் பிறந்த உடற்கூற்றியல் சட்டம் அத்திருட்டுத் தொழிலுக்கு முடிவு கட்டியது. அறிவைத் தேடும் வழியும் அறவழியாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

கட்டியின் இயல்பு

பெரிய அறுவைகளிலேயே கருத்துச் செலுத்திச் சிறிய நோய்களைப் புறக்கணிப்பது கூப்பரின் இயல்பன்று. தோலின்கீழ்த் தோன்றும் உறைக்கட்டியை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தம் முடிபுகளை 1818, 1819 ஆம் ஆண்டுகளில் டிராவர்ஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் எழுதினார்.

தோலில் நுண்ணிய துளைகள் எண்ணிறந்தன உள. அத்துளைகளுள் ஒன்றன் வாய் அடைபட்டால், உள்ளிருந்து வெளிவர வேண்டிய பொருள் வெளிவராது தேங்கும். தேங்கத் தேங்கத் துளை பைபோல விரியும். அதுவே கட்டியாகும் என்று கூப்பர் விளக்கினார். பல கட்டிகளின் உச்சியில் சிறு கரும்புள்ளி ஒன்று காணப்படும். அஃது அடைபட்ட வாயே. அவ்வாயை மெல்லிய கம்பியால் விரித்து உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுக்கலாம். அன்றியும், கட்டியைக் கீறி அதன் உறையையும் நீக்கலாம். உள்ளிருப்பதை மட்டும் நீக்கி உறையை விட்டுவிட்டால் கட்டி மீண்டும் வளரக்கூடும். களையின் தலையைக் கிள்ளி வேரை விட்டுவைப்பது போன்றது அது.

இவ்வறுவை செய்வதற்கு எளிது, ஆயினும், தீங்கற்றதன்று. தலைத்தோலில் சிறு கீறல் பட்ட சிலர்க்கு இரண்டொரு நாளில் தோல் சிவந்து வீங்கி, அவ்வீக்கம் தீப்போலப் பரவி, காய்ச்சலோடு உயிரையும் கவர்ந்து செல்லும். எரிசிபிலஸ் என்பது அந்நோயின் பெயர். கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே அதற்குக் காரணம் என்பதை அன்று எவரும் அறியார். கூப்பரும் அறியார். ஆனால், காரணம் அறியாவிடினும் காரியத்தை அவர் கூர்ந்து நோக்கி நினைவில் இருத்தியிருந்தார். அந்நினைவே அவரை அஞ்சச் செய்தது.

மன்னரின் தலைக்கட்டி

நான்காம் ஜார்ஜ் மன்னர் 1820 ஆம் ஆண்டு அரியணை ஏறினார். அவர் தலையில் ஒரு கட்டி இருந்தது. அதனை நீக்கிவிட வேண்டும் என்று மன்னர் விரும்பினார். கூப்பரே நீக்க வேண்டும் என்றும் உறுதிகொண்டார்.

கூப்பர் கடற்கரை நகராகிய பிரைட்டனுக்கு அழைக்கப்பட்டார். அங்கு ஒருநாள் நள்ளிரவில் மன்னரே கூப்பர் தங்கியிருந்த அறைக்கு வந்து, தாம் அறுவைக்கு ஆயத்தமாக இருப்பதாகவும் உடனே கட்டியை நீக்கிவிடும்படியும் கூறினார். முடிவேந்தர் நேரில் வந்து கேட்கும்போது மறுக்கும் துணிவு எத்தனை பேர்க்கு வரும்? கூப்பர் மறுத்தார். மன்னர் உயிரைச் சார்ந்த செயலை ஒரு மூலையில் தனித்து நின்று செய்தல் தகாது. பிற மருத்துவரோடு கலந்து எண்ணித் தக்க இடத்தில் தக்க நேரத்தில் செய்தல் வேண்டும் என்று பணிவோடு எடுத்துரைத்தார். அத்தகைய கட்டியை நீக்கியபின் எரிசிபிலஸ் பற்றி உயிர் துறந்த சீமாட்டி ஒருவரின் நினைவு அப்போது அவர் உள்ளத்தில் நின்றது. மன்னரும் அவர் கூற்றின் உண்மையை உணர்ந்து இசைந்தார்.

அரசர்க்குரிய அறுவை மருத்துவராக எவரார்ட் ஹோம் என்பவர் அப்போது பதவியில் இருந்தார். அவரோ, தம் ஆசிரியர் கிளைனோ இவ்வறுவையைச் செய்தல் வேண்டும் என்பதே கூப்பரின் விருப்பம். பதவியில் உள்ளவரை விலக்கித் தாம் முன்னிற்றல் முறையன்று என அவர் கருதினார். வேறு காரணமும் உண்டு. அறுவை நன்கு முடிந்தால் சிறு கட்டியை நீக்கிய செயல் என்றே உலகம் கூறும். தீதாய் முடிந்தால் மன்னரைக் கொன்றவர் என்று கூறும். முப்பது ஆண்டுகள் உழைத்துப் பெற்ற நற்பெயர் முழுவதும் ஒரு சிறு கீறலைப் பற்றி நின்றது. தம் வாழ்வு அந்நிகழ்ச்சியில் தொங்குவதை எண்ணியபோது தமக்குத் தலை சுழன்றது என்பதைப் பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

மன்னரோ தம் கருத்தில் சிறிதும் தளரவில்லை. 1821 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவர் பலர் சூழ்ந்திருக்க, கூப்பர் கத்தியை ஏந்தினார். வலியை மறக்கச் செய்யும் மருந்து எதுவும் அக்காலத்தில் இல்லை. மன்னர் நோவைப் பொறுத்து அசையாது அமர்ந்திருந்தார். அஞ்சிய உள்ளம் கையை நடுங்கவிடவில்லை. கட்டி நீக்கப்பட்டது.

கத்தியைக் கீழே வைத்ததோடு கூப்பரின் கவலை தீரவில்லை. அப்போதுதான் அது தொடங்கியது எனலாம். காயம் சிவக்கிறதா, காய்ச்சல் தோன்றுகிறதா என்று ஒவ்வொரு நாளும் அஞ்சி அஞ்சி நோக்க வேண்டியிருந்தது. அஞ்சிய நோய் வரவில்லை. காயம் நன்கு ஆறியது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் மன்னர் முடிசூட்டு விழாக் கொண்டாடினார். கூப்பருக்குப் பாரோனெட் என்னும் வழிவழிப் பட்டம் அளிக்கப்பட்டது. உடலின் பெருங்குழாயைக் கட்டிய அருஞ்செயலுக்குக் கிடைக்காத பட்டம் ஒரு சிறு கட்டியை நீக்கியதற்குக் கிடைத்தது. உலகியல்பு அத்தகையது. எனினும், அச்சிறு செயலுக்குப் பின் நின்ற ஆராய்ச்சியும் பொறுமையும் சிறியன அல்ல.

இன்றைய மருத்துவம்

கூப்பரின் காலத்திற்குப்பின் மருத்துவம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. 1846 ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மருந்து அறுவையின் நோவை நீக்கியது. 1867 ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் காயங்களில் கிருமிகளை ஒழிக்கும் முறையை உலகிற்கு அறிவித்தார். எரிசிபிலஸ் நோயை விளைவிக்கும் கிருமி பின்னர்க் கண்டறியப்பட்டது; அதனை அழிக்கும் பெனிசிலின் முதலிய மருந்துகளும் தோன்றின. மன்னர்க்கே கிட்டாத பாதுகாப்பு இன்று எளிய குடிமகனுக்கும் கிட்டுகின்றது.

கட்டியைப் பற்றிய அறிவும் திருந்தியுள்ளது. மக்கள் இதனைக் கொழுப்புக்கட்டி என வழங்கினும், உள்ளிருப்பது பெரும்பாலும் கொழுப்பன்று. தோலும் நகமும் மயிரும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளே கூழ்போலத் திரண்டுள்ளது. உறையின் உட்புறம் தோலின் மேற்பரப்பை ஒத்தது. அஃது அப்பொருளை ஓயாது உண்டாக்கிக்கொண்டேயிருக்கும். உறை எஞ்சினால் கட்டியும் மீளும் என்பதன் காரணம் இதுவே.

இத்தகைய கட்டி எல்லாவற்றையும் அறுக்க வேண்டுவதில்லை. சிறிதாய், நோவின்றி, வளராது இருப்பதை மருத்துவர் பார்த்துத் தீங்கற்றது எனத் தெளிந்தபின் வாளா விட்டுவிடலாம். வளர்ந்து வருத்துவதை நீக்க முறைகள் பல உள. அவ்விடம் மட்டும் மரத்துப்போகும்படி ஊசி மருந்து செலுத்தி, கட்டியின் வாயையும் சேர்த்து நீள்வட்டமாகத் தோலைக் கீறி, உறை கிழியாமல் முழுவதும் எடுத்துத் தையலிடுதல் ஒரு முறை. கட்டி மீண்டும் வருதல் இம்முறையில் அரிது. ஆயினும், தழும்பு சற்று நீளும். மிகச் சிறிய துளையிட்டு உள்ளிருப்பதைப் பிதுக்கியபின் உறையை அத்துளை வழியே இழுத்தெடுத்தல் மற்றொரு முறை. முகத்தில் தழும்பு தெரியாதிருக்க இது நன்று; ஆனால், உறையின் துணுக்கு எஞ்சினால் கட்டி திரும்பவும் வரலாம். கட்டி பழுத்துச் சீழ் கொண்டிருப்பின், முதலில் கீறிச் சீழை வடியச் செய்து, வீக்கம் தணிந்தபின் மற்றொரு நாளில் உறையை நீக்குவர். நீக்கிய கட்டியை நுண்ணோக்கியால் ஆராய்ந்து அதன் இயல்பை உறுதி செய்துகொள்ளுதலும் உண்டு. கட்டியைத் தாமே நசுக்குதலும் ஊசியால் குத்துதலும் தீங்கு விளைக்கும். அவற்றை அறவே விலக்குதல் வேண்டும்.

இவற்றை நோக்குங்கால், வாய் அடைபட்ட துளையே கட்டியாகும் என்றும், உறையை நீக்குதல் வேண்டும் என்றும் கூப்பர் கூறிய அடிப்படைக் கருத்துகள் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பயன்பட்டு வருதல் புலனாகும்.

இறுதிக்காலம்

கூப்பர் 1822 ஆம் ஆண்டு மூட்டு நழுவுதல், எலும்பு முறிவு ஆகியவற்றைப் பற்றிச் சிறந்த நூல் ஒன்றை வெளியிட்டார். 1827 ஆம் ஆண்டிலும் 1836 ஆம் ஆண்டிலும் அறுவை மருத்துவர் அரசக் கல்லூரியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1828 ஆம் ஆண்டு அரசர்க்குரிய அறுவை மருத்துவர் பதவியும் அவரைத் தேடி வந்தது. முதுமையிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. 1840 ஆம் ஆண்டில், எழுபது வயது கடந்தபின்னும், உடற்கூற்று நூல் ஒன்றை வெளியிட்டார். 1841 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12 ஆம் நாள் இலண்டனில் இயற்கை எய்தினார். அவர் உடல் கைஸ் மருத்துவமனையின் சிறு கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது. செயிண்டு பால் பெருங்கோயிலில் அவர்க்கு உருவச்சிலை நிறுவப்பட்டுள்ளது.

பெரிய செயலைச் செய்யுங்கால் விழிப்போடிருத்தல் யாவர்க்கும் இயல்பு. சிறிய செயலிலும் அதே விழிப்போடிருத்தல் சான்றோர்க்கே இயல்பு. வேந்தர் வேண்டியபோதும் காலமும் இடமும் கருதி மறுத்த உறுதியும், செய்ய வேண்டிய நேரம் வந்தபோது கை நடுங்காத திண்மையும் கூப்பரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சி, துணிய வேண்டிய இடத்தில் துணிந்து, எச்சிறு பணியையும் இகழாது செய்வோர் எத்துறையில் புகினும் உயர்வர் என்பதற்குச் சர் ஆஸ்ட்லி கூப்பரின் வாழ்க்கை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.